சுட்ட மீனும் சுட்ட கத்தரிக்காயும்: ஒரு தட்டில் மூன்று சமூகங்களின் வரலாறு

பெருநாள் விடுமுறை வந்துவிட்டால் நமது கடற்கரைகளில் மாலை நேரம் புகை எழத் தொடங்கிவிடும். கல் அடுக்கி, அதன்மேல் கம்பி வலையை வைத்து, கீழே சிரட்டைக் கரியை மூட்டி இளைஞர்கள் மீன் சுடுவார்கள். பாரை, விளைமீன், இறால், கணவாய் என்று அன்று கிடைத்தது எதுவோ அது. ஓரத்தில் கத்தரிக்காய், கறிமிளகாய், தக்காளி, சோளன், வற்றாளங்கிழங்கு. இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பார்பிகியூ'.

இதைப் பார்க்கும் பெரியவர்கள் சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரன்ட பழக்கம். நம்மட சாப்பாடா இது?" என்று முகம் சுளிப்பார்கள். இளைஞர்களோ, "உலகமே இப்ப இப்படித்தான் சாப்பிடுது" என்பார்கள். இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: இது மேற்கிலிருந்து வந்தது என்று இருவருமே நம்புகிறார்கள்.

உண்மையில் அந்தத் தட்டில் இருக்கும் எதுவும் ஐரோப்பியரின் கண்டுபிடிப்பல்ல. சொல் ஒரு மக்களுடையது. கத்தரிக்காய் இன்னொரு மக்களின் பயணம். தீ நமது முன்னோருக்கும் தெரிந்தது. ஐரோப்பியர் செய்தது, இவற்றையெல்லாம் கப்பலில் ஏற்றி இடம் மாற்றியது. அந்த இடமாற்றத்தில் சில சமூகங்கள் அழிந்தன, சில துரத்தப்பட்டன. துரத்தப்பட்டவர்களில் நமது முன்னோரும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கதையைச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

பார்பிகியூ யாருடைய சொல்?

ஆங்கிலச் சொல் போலத் தோன்றினாலும் ஆங்கிலேயர் அதை ஸ்பானியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானிய மொழியில் அது 'பார்பகோவா'. ஸ்பானியருக்கு அதைக் கொடுத்தவர்கள் கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் என்றே பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன.

பார்பகோவா என்பது முதலில் ஒரு பரணின் பெயர். கவைக்கம்புகள் நான்கை நிலத்தில் நட்டு, மேலே குறுக்குக் கம்புகளை அடுக்கினால் அது பார்பகோவா. அதில் தானியம் சேமித்தார்கள். அதில் படுத்தும் உறங்கினார்கள். கீழே தீ மூட்டி, மேலே மீனையும் இறைச்சியையும் வாட்டினார்கள். 1526இல் அச்சான ஒவியேடோ என்ற ஸ்பானியரின் நூலில் இந்தச் சொல் வருகிறது. 1697இல் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட பயண நூலிலும் வருகிறது. டாம்பியரின் நூலில் அது நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்தில் கம்புகளால் கட்டிய படுக்கை! நமது வயல்களில் காவலுக்குக் கட்டும் பரணை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதாக விளங்கும்.

பரணில் மீன் வாட்டும் காட்சியை 1585இல் ஓர் ஆங்கிலேய ஓவியர் நேரில் கண்டு வரைந்தார். பெயர் ஜோன் வைட். இன்றைய அமெரிக்காவின் வட கரோலினா கரையில் அல்கோன்கிய மக்கள் முழு மீன்களைக் கம்புப் பரணில் கிடத்திச் சுடும் அந்த நீர்வண்ண ஓவியம் இப்போது லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. நமது பிள்ளைகள் கம்பி வலையில் செய்வதை அந்த மக்கள் பச்சைக் கம்பில் செய்தார்கள். வித்தியாசம் உயரத்தில்தான். நாம் தணலுக்கு மிக அருகில் வைத்து விரைவாகச் சுடுகிறோம். அவர்கள் பரணை உயரமாகக் கட்டி, கீழே தீ மூட்டிச் சுட்டார்கள். 

குவாண்டனாமோவில் ஒரு விருந்து

தைனோ மக்களின் மீன் சுடும் தீயை ஐரோப்பியர் நெருங்கிப் பார்த்த ஒரு சம்பவம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

1494 ஏப்ரல் 30. கொலம்பஸ் தனது இரண்டாவது பயணத்தில் கியூபாவின் தென்கரையில் ஒரு பெரிய குடாவுக்குள் நுழைந்தார். அந்தக் குடாவின் இன்றைய பெயர் குவாண்டனாமோ. நாமெல்லாம் அதை ஒரு சிறையின் பெயராக மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறோம்.

கரையில் தீ எரிந்துகொண்டிருந்தது. மனிதர் எவரும் இல்லை. கப்பல்களைக் கண்டதும் ஓடிப்போய்க் குன்றின்மேல் நின்றிருந்தார்கள். தீயில் ஏராளமான மீன்களும், உடும்பைப் போன்ற இகுவானாக்களும் வெந்துகொண்டிருந்தன. ஸ்பானியர் உட்கார்ந்து மீன்களை உண்டு தீர்த்தார்கள். இகுவானாவின் தோற்றத்தைக் கண்டு அருவருத்து அதைத் தொடவில்லை.

கொலம்பஸுடன் டியேகோ என்ற பெயரில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவரும் அந்தத் தீவுகளின் மகன்தான். 1492இல் முதற்பயணத்திலேயே பிடிக்கப்பட்டு, ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டு, பெயர் மாற்றப்பட்டுத் திரும்பியவர். அவர் போய்ப் பேசியதும் மக்கள் இறங்கி வந்தார்கள். தங்கள் தலைவர் இன்னொரு தலைவருக்கு விருந்து வைக்கப்போகிறார் என்றும், கொண்டுபோகும் வழியில் கெட்டுவிடாமல் இருக்கவே மீனை இங்கே வாட்டிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள். தங்கள் மீனை உண்டவர்கள்மேல் அவர்கள் கோபப்படவில்லை. மீன் போனால் பரவாயில்லை, இன்னோர் இரவில் பிடித்துக்கொள்ளலாம், இகுவானாவை விட்டுவைத்தீர்களே, அதுதான் கிடைப்பது கடினம் என்று ஆறுதலடைந்தார்களாம். ஸ்பானியர் பதிலுக்குச் சின்னச் சின்ன மணிகளையும் சில்லறைப் பொருட்களையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு விருந்துக்கு வைத்த உணவை அந்நியன் உண்டுவிட்டான். உரியவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்படிப்பட்ட மக்களுக்கு அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் என்ன நடந்தது?

கொலம்பஸ் குடியேற்றம் அமைத்த ஹிஸ்பானியோலா தீவில் (இன்றைய ஹெயிட்டியும் டொமினிக்கன் குடியரசும்) முதலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. சில இலட்சம் என்போரும் உண்டு, அதைவிடப் பன்மடங்கு என்போரும் உண்டு. ஆனால் 1514இல் ஸ்பானியர் தங்களுக்குள் வேலையாட்களைப் பங்கிட எடுத்த கணக்கில் சுமார் 26,000 பேரே மிஞ்சியிருந்தார்கள். தங்கச் சுரங்கங்களில் கட்டாய வேலை, பயிர் செய்ய ஆளின்றிப் பட்டினி, போர், நோய் என்று எல்லாம் சேர்ந்து தின்றுவிட்டன. 1518 டிசம்பரில் பெரியம்மை வந்தது. எஞ்சியவர்களில் பலரை அது கொண்டுபோனது. 1511இலேயே மொண்டெசினோஸ் என்ற கிறிஸ்தவத் துறவி அந்தத் தீவின் தேவாலயத்தில் நின்று, இவர்களும் மனிதர்கள் இல்லையா என்று தன் இனத்தாரையே கண்டித்துப் பேசினார். அந்தக் குரலையும் வரலாறு மறக்கக் கூடாது. கேட்டவர்கள்தான் குறைவு.

தைனோ மக்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. இன்றைய புவேர்ட்டோ ரிக்கோ மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் தாய்வழி மரபணு அமெரிக்கப் பூர்வகுடியினருடையது. தங்களைத் தைனோ என்றே அழைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இப்போதும் இருக்கின்றன. ஆனால் அவர்களின் மொழியைப் பேசுவோர் இல்லாமற் போனார்கள்.

சொற்கள் மட்டும் கப்பலேறிவிட்டன. சூறாவளியைக் குறிக்கும் 'ஹரிக்கேன்' அவர்களுடையது. 'கனூ' என்ற ஓடம் அவர்களுடையது. 'மெய்ஸ்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் சோளனும் அவர்களுடையதே. அவர்கள் ஒரு கிழங்கை 'பட்டாட்டா' என்றார்கள். போர்த்துக்கேயர் அதைச் சுமந்துவந்தார்கள். சிங்களத்தில் அது 'பத்தல' ஆனது. நமது வாயில் அது 'வற்றாளை' ஆனது. தணலுக்குள் புதைத்துச் சுட்டு, தோலை உரித்து ஊதி ஊதிச் சாப்பிடும் அந்த வற்றாளங்கிழங்கின் பெயர், மொழியை இழந்த ஒரு மக்களின் மொழியில் மிஞ்சிய ஒரு சொல். கொய்யாவின் பெயரும் அந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து வந்ததுதான்.

மிளகாயை அவர்கள் 'அஹி' என்றார்கள். 1493 ஜனவரியில் கொலம்பஸ் தனது குறிப்பேட்டில் அதை எழுதி, மிளகைவிட இது மேலானது என்று சேர்த்துக்கொண்டார். மிளகைத் தேடிப் போனவருக்கு வேறென்ன தோன்றும்! அந்தப் பெயர் நமக்கு வரவில்லை, பொருள் மட்டும் வந்தது. அதற்கு நமது முன்னோர் தங்களிடம் இருந்த சொல்லைக்கொண்டே பெயர் வைத்தார்கள்: மிளகு போல் உறைக்கும் காய், மிளகாய். நமது பேச்சில் அதையே கொச்சிக்காய் என்கிறோம். கேரளத்தின் கொச்சித் துறைமுகம் வழியாக வந்ததால் அந்தப் பெயர் என்று கருதப்படுகிறது. அதற்கு முன் நமது கரைகளில் சுட்ட மீனுக்கு உறைப்புத் தந்தவை மிளகு போன்றவையே.

சொல் வருமுன் இருந்த தீ

சொல் கரீபியனுடையது என்றால், சுடுவதையும் நாம் வெளியாரிடமா கற்றோம்? அதற்குப் பதில் தமிழின் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் பத்துப்பாட்டில் பட்டினப்பாலை ஒன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் நூல். அந்தத் துறைமுகத்தில் வந்திறங்கும் பொருட்களின் வரிசையில் ஈழத்து உணவும் இடம்பெறுகிறது என்பதை நாங்கள் உயர்தர வகுப்பில் படிப்பிப்பதுண்டு. அதே நூலில், நெய்தல் நில மக்கள் கடல் இறாலைச் சுட்டுத் தின்னும் காட்சியும் இருக்கிறது. நெருப்பில் சுட்ட உணவுக்கு அந்தக் காலத் தமிழில் ஒரு பெயரும் உண்டு. 'சூடு' என்பார்கள். நாம் இன்று வெப்பத்துக்குச் சொல்லும் அதே சொல்தான்.

சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. வழிப்போக்கனான பாணனுக்குப் பரதவர் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுக்கிறார்கள். அந்த ஊரில் அடுப்பெரிக்கும் விறகு எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரம். அது கிடக்கும் கோலத்தைப் புலவர் உறங்கும் ஒட்டகத்துக்கு ஒப்பிடுகிறார். எங்கிருந்தோ மிதந்து வந்த வாசனை மரமும், ஒட்டகத்தை அறிந்த புலவரும் ஒரே பாட்டில்! கடல் வணிகம் அந்தக் கரைகளை எவ்வளவு தூரம் தொட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கத்தரிக்காய்க்கும் சாட்சி உண்டு. ஔவையாரின் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடல், ஏழை ஒருவர் மனமுவந்து அளித்த எளிய விருந்தைப் புகழ்கிறது. அந்த விருந்தில் வாட்டிய வழுதுணங்காய் இருக்கிறது. வழுதுணங்காய் என்பது கத்தரிக்காயின் பழைய பெயர். இன்றும் நமது வீடுகளில் கத்தரிக்காயைத் தணலில் போட்டு, தோலுரித்து, வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைந்து சம்பல் செய்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தின் வயது சாதாரணமானதல்ல.

கத்தரிக்காய் மேற்கே போன கதை

கத்தரிக்காய் ஆசியப் பயிர். இந்தியாவிலும் அதைச் சூழ்ந்த நாடுகளிலும்தான் மனிதர் அதைப் பயிராக வளர்த்தெடுத்தார்கள். இங்கிருந்து மேற்கே போன பாதையை அதன் பெயரிலேயே காணலாம். சமஸ்கிருதத்தில் 'வாதிங்கண'. பாரசீகத்தில் 'பாதின்கான்'. அறபியில் 'பாதின்ஜான்'.

பக்தாதில் முதலில் அதற்கு நல்ல பெயர் இல்லை. உடலுக்குக் கேடு என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள். பிறகு சமையற்காரர்கள் அதன் கசப்பை உப்பிட்டு நீக்கக் கற்றார்கள். கலீபா மஃமூன் 825இல் மணந்த பூரான் என்ற பெண்மணியின் பெயரால் கத்தரிக்காய் உணவுகளின் ஒரு வரிசையே உருவானது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த பக்தாத் சமையல் நூலில் மீன் சுடும் முறைகளும் கத்தரிக்காய் உணவுகளும் இடம்பெற்றிருக்கின்றன. வளைகுடாவில் வேலை செய்து வந்த சகோதரர்கள் அங்கே 'முத்தப்பல்' சாப்பிட்டிருப்பார்கள். சுட்ட கத்தரிக்காயை எள் அரைத்த விழுதோடு பிசைவது. அதைச் சாப்பிடும்போது நமது வீட்டுச் சம்பலின் தூரத்து உறவு என்று நாக்கே சொல்லும்.

பக்தாதிலிருந்து அது இன்னும் மேற்கே, ஸ்பெயினின் அந்தலூஸுக்குப் போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய வேளாண்மை நூலில் நான்கு வகைக் கத்தரிக்காய்கள் விவரிக்கப்படுகின்றன. பாதின்ஜான் அங்கே 'அல்பாதின்ஜான்' ஆகி, ஸ்பானியத்தில் 'பெரென்ஹேனா' என்றும், கற்றலான் மொழியில் 'அல்பெர்ஜீனியா' என்றும், அங்கிருந்து பிரெஞ்சில் 'ஓபெர்ஜின்' என்றும் மாறியது.

1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டுதான் கொலம்பஸும் கிளம்பினார். பாடநூலில் இந்த மூன்றும் மூன்று பாடங்கள். நடந்தது ஒரே ஆண்டில், ஒரே அரசன் அரசியின் கையெழுத்தில்.

அடுத்த சில பத்தாண்டுகளில் ஸ்பெயினில் எஞ்சிய முஸ்லிம்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். அவர்களை 'மொரிஸ்கோ' என்றார்கள். பெயரை மாற்றிய பின்பும் அவர்களை நம்பவில்லை. அவர்களின் அடுப்படியை வேவு பார்த்தார்கள். பன்றிக் கொழுப்பைத் தவிர்த்து ஒலிவ் எண்ணெயில் சமைப்பதும், கூஸ்கூஸ் உண்பதும் மத விசாரணை மன்றத்தின் ஏடுகளில் சந்தேகத்துக்குரிய செயல்களாகப் பதிவாயின. கத்தரிக்காயும் அப்படித்தான், முஸ்லிம்களின், யூதர்களின் உணவு என்று எள்ளலாகப் பேசப்பட்டது. இறுதியில் 1609 முதல் 1614 வரை சுமார் 3 இலட்சம் மொரிஸ்கோக்கள் கப்பல்களில் ஏற்றி நாடு கடத்தப்பட்டார்கள்.

அது முடிந்த மறு ஆண்டு, 1615இல், செர்வான்டெஸின் தோன் கிகோட்டே நாவலின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதில் ஒரு நகைச்சுவை. கதையை எழுதியதாகச் சொல்லப்படும் முஸ்லிம் ஆசிரியரின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத சாஞ்சோ, அதைக் கத்தரிக்காய் என்ற பொருள்படும்படி மாற்றிச் சொல்கிறான். முஸ்லிம்கள் கத்தரிக்காய்ப் பிரியர்கள் அல்லவா என்று காரணமும் சொல்கிறான். நாட்டில் அந்த மக்கள் இல்லை. அவர்களின் காய்கறி மட்டும் சிரிப்புக்குரிய பொருளாக மிஞ்சியிருந்தது.

காலம் போகப்போக அந்தச் சிரிப்பும் மறந்து, கத்தரிக்காய் ஸ்பெயினின் தேசிய உணவுகளில் ஒன்றாகிவிட்டது. 'அல்போரோனியா' என்று அங்கே இன்றும் சமைக்கிறார்கள். பெயருக்குள் பக்தாதின் பூரான் இருக்கிறார்.

ஒரே தணலில் இரண்டு உலகங்கள்

ஸ்பெயினின் கற்றலோனியாவில் 'எஸ்கலிவாடா' என்றொரு உணவு உண்டு. சாம்பலில் சுடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். முழுக் கத்தரிக்காயையும் முழுக் குடைமிளகாயையும் தணலில் வைத்துத் தோல் கருகும்வரை சுட்டு, தோலை உரித்து, கையால் கீற்றுக்கீற்றாகக் கிழித்து, ஒலிவ் எண்ணெயும் உப்பும் சேர்ப்பார்கள். மீனுக்குத் துணையாகவும் இது வரும். கத்தரிக்காய் நமது பக்கத்திலிருந்து அறபிகளின் கையில் போனது. மிளகாய் கொலம்பஸின் கப்பலில் வந்தது. அந்தலூஸின் முஸ்லிம்களும் கரீபியனின் தைனோக்களும் வாழ்ந்தது வெவ்வேறு கரைகளில். இருவரையும் வீழ்த்தியது ஒரே அரசு. அவர்கள் விட்டுச் சென்றவை ஒரே தணலில் சந்தித்துக்கொண்டன.

முழுதாகச் சுடுவதில் ஒரு காரணம் இருக்கிறது. கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வெட்டிச் சுட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், துண்டு தோல் போலக் காயும். முழுதாகச் சுட்டால் தோல் ஒரு பானையாகிவிடும். உள்ளே நீராவியில் சதை வெந்து குழையும், வெளியே கருகிய தோலின் புகை மணம் உள்ளே இறங்கும். முள்ளுக்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெடிக்கும்.

தெற்கே மலாகா கடற்கரைக்கு வாருங்கள். 1487 வரை முஸ்லிம்களின் துறைமுகமாக இருந்த ஊர். அங்கே சாளை மீனைக் குச்சியில் கோர்த்துச் சுடுவதற்கு 'எஸ்பேட்டோ' என்று பெயர். பழைய தோணியில் மணலை நிரப்பி, அதன்மேல் விறகை எரிப்பார்கள். மூங்கில் போன்ற நாணல் குச்சியில் ஐந்தாறு மீன்களை முதுகெலும்பின் கீழாகக் கோர்த்து, குச்சியை மணலில் சாய்வாக நடுவார்கள். மீனைத் தீயின் மேலே பிடிப்பதில்லை, பக்கத்தில் காற்று வரும் திசையில் நிறுத்துவார்கள். புகையும் சுவாலையும் மறுபக்கம் சாயும், மீனுக்குச் சூடு மட்டும் படும். உப்பைத் தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை. சாளையின் கொழுப்பே எண்ணெயாகி அதைப் பொரித்துவிடும்.

இதைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 1885இல் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளைப் பார்க்க வந்த அரசர் பன்னிரண்டாம் அல்போன்சோ, கடற்கரையில் சுட்ட சாளையைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடத் தொடங்கினாராம். சுட்டுக் கொடுத்தவர், "அப்படியல்ல, அரசே. கையால்!" என்றாராம். கையால் உண்பதை நாகரிகக் குறைவு என்று நமது பிள்ளைகளிடம் யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள்.

'மூர்' என்ற பெயர்

இனி நமது வீட்டு வாசலுக்கு வருவோம்.

போர்த்துக்கல் அரசர் மனுவேல் 1496 டிசம்பரில் தனது நாட்டிலிருந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெளியேறுமாறு கட்டளையிட்டார். மறு ஆண்டு அதே அரசர்தான் வாஸ்கோ ட காமாவை இந்தியாவுக்கு அனுப்பினார். 1505இல் லொரென்சோ த அல்மேதா கொழும்பில் இறங்கியதும் அதே அரசரின் கொடியோடுதான். இங்கே கரையோரத்தில் வணிகம் செய்த முஸ்லிம்களைக் கண்டதும் அவர்களுக்குப் புதிய பெயர் தேடும் சிரமம் இருக்கவில்லை. தங்கள் நாட்டில் துரத்திய மக்களுக்கு வைத்திருந்த பெயரையே வைத்தார்கள்: 'மோரோ', 'மௌரோ'. ஆங்கிலத்தில் அது 'மூர்'. நாம் தமிழில் சோனகர் என்று எழுதினாலும், ஆங்கிலத்தில் நமது இனம் 'சிலோன் மூர்', 'ஸ்ரீலங்கன் மூர்' என்றே இருக்கிறது. மலாகாவின் மீன்காரர்களும் நமது முன்னோரும் ஒரே பெயரால் எண்ணப்பட்டார்கள்.

பெயரோடு நிற்கவில்லை. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன. மொரிஸ்கோக்களை நாடு கடத்திய அதே முடி. அந்த முடியின் கீழ்தான் 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்று போர்த்துக்கேயரின் வரலாற்று ஏடுகளே சொல்கின்றன. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த முஸ்லிம்களோடு இவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பௌத்த மன்னர் புகலிடம் தந்தார் என்பதை நமது பிள்ளைகளும், சிங்களச் சகோதரர்களின் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்க வேண்டும்.

ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. கத்தரிக்காயை இங்கே ஆங்கிலத்தில் 'பிரிஞ்சால்' என்கிறோம். அது போர்த்துக்கேயச் சொல்லான 'பெரிஞ்ஜேலா'. அந்தப் போர்த்துக்கேயச் சொல் அறபியின் பாதின்ஜான். அது பாரசீகத்தின் பாதின்கான். அது நமது பக்கத்து வாதிங்கண. இங்கிருந்து தரைவழியாகப் போன ஒரு பெயர், பல நூறு ஆண்டுகள் கழித்து உருமாறிக் கடல்வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்த கப்பலில்தான் கொச்சிக்காயும் வந்தது, பீரங்கியும் வந்தது.

சொல்ல வருவது

வரலாறு எழுதியவர்களின் பெயர்கள் நூலகங்களில் இருக்கின்றன. எழுதப்படாதவர்கள் சில வேளைகளில் அடுப்படியில்தான் கிடைப்பார்கள். தைனோ மக்களின் அரசர்கள் யார் என்று நமது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அவர்களின் சொல்லைப் பெருநாள் மாலையில் பத்துத் தடவை உச்சரிக்கிறார்கள். மொரிஸ்கோக்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் தெரியாது. அவர்களைக் காட்டிக்கொடுத்த காய்கறி கம்பி வலையின் ஓரத்தில் வெந்துகொண்டிருக்கிறது.

ஆகவே பெரியவர்களிடம் நாம் சொல்வது: பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அவர்கள் சுடுவது அந்நியன் சாப்பாடல்ல. பட்டினப்பாலைக் காலத்து நெய்தல் மக்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள். இளைஞர்களிடம் சொல்வது: பார்பிகியூ என்று தாராளமாகச் சொல்லுங்கள். அது நாகரிகமான சொல் என்பதற்காகச் சொல்லாதீர்கள். அதைத் தந்த மக்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். குவாண்டனாமோ கரையில் விருந்துக்கு வைத்த மீனை அந்நியருக்கு விட்டுக்கொடுத்து, நாளை பிடித்துக்கொள்ளலாம் என்றார்களே, அவர்களின் சொல் அது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1492, 1505, 1609, 1626 என்ற நான்கு ஆண்டுகளையும் பிள்ளைகள் தனித்தனியாக மனனம் செய்கிறார்கள், சிலவற்றை அறியவே மாட்டார்கள். ஒரு கத்தரிக்காயையும் ஒரு கொச்சிக்காயையும் வகுப்பு மேசையில் வைத்து நான்கையும் ஒரே பாடவேளையில் இணைத்துச் சொல்லலாம். செலவு சொற்பம்.

இன்னொன்று. சுடுவது, வாட்டுவது, தணலில் புதைப்பது, புகையில் போடுவது என்று உங்கள் ஊர் உம்மாமார்கள், மூத்தம்மாமார்கள் வெவ்வேறு சொற்கள் வைத்திருப்பார்கள். எந்த மீனுக்கு எந்தச் சொல், எந்த விறகு, எந்த இலை என்று கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் இங்கேயும் பகிருங்கள். பேசுபவர் போனபின் சொல்லைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தோம்.